என் சட்டைக்கு ஏறிய வைட்டமின் டி

இனிமேல் என் வீட்டுக் கழிவறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் நான் சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். சபதம் எடுத்த ஆளுக்குப் பெருங்குடல் அழற்சி. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை போகிறவன். அப்படிப்பட்டவன் போகமாட்டேன் என்று சபதம் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வியாதி உள்ளவர்களைக் கேட்டால் தெரியும். மானம் போகிற கதைதான். ஆனால் என் மனைவி இதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டாள். மீதிப் பாதியாவது என் வாயால் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இருபத்துநாலு வருஷமாக மேலேயும் கீழேயும் போய்வருகிறேன், வெளியேதான் போனதில்லை. விடிவதற்கு முன்னால் ஏதாவது ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், கிரீஸும் இருட்டுமாகக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் ஏறி வருவேன். சூரியனைக் காலண்டர் படத்தில் பார்ப்பதோடு சரி. அந்த வேலையில் இந்த வியாதி வந்தால் என்ன ஆகும்? ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வயிறு கூப்பிட்டால் எங்கே இறங்குவது? எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். "மூணு மாசம் லீவு எடுத்துக்கோ. சரியானப்புறம் டாக்டர் கையெழுத்தோட வா. கையெழுத்து இல்லாம குழிக்குள்ள இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா ஒரு ட்யூப் விட்டுப் பார்த்தார். எங்கே விட்டார் என்று கேட்காதீர்கள். அதை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் எழுந்துகொள்கிறேன். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடல் நல்லா வீங்கிப் புண்ணா இருக்கு. அதோட உங்க உடம்புல வைட்டமின் டி ரொம்ப ரொம்பக் கம்மி. என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக் டாக்டர்."

"அப்ப உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். உங்க வைட்டமின் டி தரைத்தளத்துல கூட இல்ல. குழியில கிடக்கு."

பக்கத்தில் இருந்த என் மனைவி இதற்காகவே காத்திருந்தவள் போல் ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமையாவது வெளிய தலை காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் டாக்டர்! லீவு நாள்லயும் திரைச்சீலையை இழுத்து மூடிட்டு தூங்குவார்."

"இந்த மாத்திரை தினமும் மூணு வேளை. குடலை ஆத்தப்போறது இதுதான். ஒரு வேளை கூட விடக்கூடாது. வாரத்துக்கு ஒண்ணு இந்த டி கேப்ஸ்யூல். தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல உட்காருங்க."

"வெயில்லயே சரியாயிடுமா டாக்டர்?" என்றேன் ஆசை ஆசையாக.

"ஆகாது. இந்த வியாதி இருக்கறவங்க நிறைய பேருக்கு டி குறைவா இருக்கு. டி குறைஞ்சதால வியாதி கூடுதா, வியாதியால டி குறையுதான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டே இருக்காங்க. உங்களுக்குக் குறை இருக்கு, நிரப்பறோம். டி கூடமாட ஒத்தாசை பண்ணும். சமையல் பண்ணப்போறது மாத்திரைதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்கன்னு தவறாம எழுதுங்க. பன்னெண்டு வாரம் கழிச்சுப் பாக்குறேன். குறையலைன்னா மறுபடியும் ட்யூப் விட்டுப் பாத்துட்டு, ஊசி மருந்துக்குப் போகணும்."

ஊசி என் காதில் விழவே இல்லை. ட்யூப் மட்டும் விழுந்தது. வீடு வந்து சேருகிற வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பஸ் டிப்போ. அங்கே அவள் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது, எத்தனை ட்ரிப் அடித்தது என்று கேட்டுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எழுதுவதுதான் வேலை. "ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேங்க" என்று ஒரு டிரைவர் வந்து நின்றால், அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாள். அவளிடம் போய் டாக்டரம்மா எழுதச் சொன்னார்.

அன்று சாயங்காலமே கழிவறைக் கதவில் ஒரு ட்ரிப் ஷீட் தொங்கியது. தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், குறிப்பு என்று நாலு கட்டம்.

"குறிப்புல என்ன எழுதறது?"

"பிரேக்டவுன் ஆனா எழுதுங்க."

அவள் டிப்போவில் இருக்கும் நேரத்துக்கு நானே எழுத வேண்டும். முதல் வாரம் எட்டை ஐந்தாக்கினேன். சும்மா ஒரு தைரியத்துக்குத்தான். நாலாம் நாள் கைகழுவுகிற சோப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது புது சோப்பு. அஞ்சு தடவை கை கழுவினா இந்த அளவுக்குக் கரையாது."

"நான் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்."

"எங்க, கையைக் காட்டுங்க."

காட்டினேன். வேலையில் ஏறிய பழைய கிரீஸ் அப்படியே இருந்தது.

மறுநாள் டிப்போவிலிருந்து ஒரு பழைய மீட்டரோடு வந்தாள். முன்பு அங்கே வாசலில் சுழல்கம்பி ஒன்று இருந்தது. எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று அது எண்ணும். அதிலிருந்து கழற்றிப் போட்டது. அதைக் கழிவறைக் கதவில் மாட்டினாள். ஒரு தடவை உள்ளே போய் வந்தால் 'டக்' என்று ஒரு எண் ஏறும். நான் மெக்கானிக், அதைத் திருப்பி வைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அது அவளுக்குத் தெரியாதா? திருகாணி மேல் கம்பி சுற்றி ஈயத்தில் முத்திரை குத்திவிட்டாள்.

"கட்டின புருஷன் மேல கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டாமா?"

"இருக்கப்போய்தான் பூட்டுப் போடல."

தினமும் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரைப் பார்ப்பாள். தன்னுடைய எண்ணிக்கையைக் கழிப்பாள். மீதியை ஷீட்டில் ஏற்றுவாள். கழிவறை வாசலில் நின்று கழித்தல் கணக்குப் போட்ட பெண்மணி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

நாலு வாரம் போனது. எட்டு ஏழாகியிருந்தது. "மருந்து வேலை செய்ய நாளாகும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? பொறுமையா இருங்க" என்றாள். அவளுக்கென்ன, பொறுமையாக இருப்பாள். ட்யூப் வரப்போவது எனக்கல்லவா? மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கினேன், அதில் நான் யோக்கியன். ஆனால் ஏழு என்ற எண்ணோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை. எண்ணைக் குறைக்க வேண்டும். கதவு எண்ணுகிறது. அப்படியானால் வேறு கதவு வேண்டும்.

அதுதான் அந்தத் திங்கட்கிழமைச் சபதம். அவள் வீட்டில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு விதிவிலக்கு, பூஜ்யம் என்றால் யார் நம்புவார்கள்?

எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் தனியாக இருக்கிறார். மொட்டை மாடிக்குப் போகிற படியை ஒட்டியே அவர் கழிவறை. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"மாஸ்டர், ஒரு உதவி. வெளிய யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லு தம்பி."

"உங்க கழிவறையை எட்டு வாரத்துக்கு நான் பயன்படுத்திக்கணும்."

"ஏன், உங்க வீட்டுது அடைச்சுக்கிச்சா?"

"இல்ல மாஸ்டர். எண்ணுது."

"எது?"

"கதவு."

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முழுக்கதையையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் மீசை துடித்தது. அனுதாபம் என்று நினைத்துக்கொண்டேன். "முப்பது வருஷம் பசங்களை எண்ணியிருக்கேன். இப்படி ஒரு எண்ணிக்கையைக் கேள்விப்பட்டதில்ல" என்றார். கடைசியில் அவர் வீட்டு மின்விசிறியையும் குளியலறைக் குழாயையும் சரிபண்ணித் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார்.

அடுத்து மனைவி. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை மாடிக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே. அதற்குத்தான் டாக்டரம்மாவே வழி காட்டியிருக்கிறாரே!

"இன்னையிலேர்ந்து வெயில்ல உட்காரப்போறேன்" என்றேன், அவள் வேலைக்குக் கிளம்பும்போது.

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். "நிஜமாவா?"

"வைட்டமின் டி முக்கியம்மா. ஆனா ஒரேயடியா உட்கார்ந்தா தோல் எரியும். அஞ்சஞ்சு நிமிஷமா ஆறேழு தவணையில உட்காரலாம்னு இருக்கேன்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே! மேல போனதும் கையாட்டுங்க. என் கூண்டுலேர்ந்து மொட்டை மாடி நல்லாத் தெரியும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று முழுக்க நாய்படாத பாடு. வயிறு கூப்பிடும், மாஸ்டர் வீட்டுக்கு ஓடுவேன். உள்ளே இருக்கும்போது அவள் மாடியைப் பார்த்துவிட்டால்? முடிந்ததும் முடியாததுமாக மாடிக்கு ஓடி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கையாட்டுவேன். அவள் அந்தப் பக்கம் பஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் திரும்பியதும் இந்தப் பக்கம் பார்ப்பாள்.

சாயங்காலம் வந்தாள். மீட்டரைப் பார்த்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் மீட்டரைப் பார்த்தாள்.

"ரெண்டா?"

"ரெண்டுதான்" என்றேன் தரையைப் பார்த்து.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு பஸ்ஸா எழுதறப்பவும், இந்நேரம் வலியில சுருண்டு படுத்திருப்பாரோன்னுதான் எனக்கு நினைப்பு. இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருந்திருக்கீங்களே. அது போதும்" என்றாள்.

இருபத்தோரு வருஷமாக என்னைப் பார்த்துக்கொள்கிற பெண். அவள் இல்லையென்றால் நான் எப்போதோ ஏதாவது ஒரு குழியில் கிரீஸோடு கிரீஸாகப் போயிருப்பேன். எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ட்யூப் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் அன்பு பெரிதுதான், என் பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிது.

ஆனால் ஓடியாடிக் கையாட்டுவது இனி நடக்காது. அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். நான் யார்? ஆளே இல்லாமல் பத்து பேரைப் பத்தாவது மாடிக்குக் கொண்டுபோகிற இயந்திரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவன்!

மறுநாள் காலை அவள் போனதும் மாஸ்டர் வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு நாற்காலி. அதில் தலையணை திணித்த என் கோடு போட்ட சட்டை. தலைக்கு மாஸ்டருடைய பழைய கால்பந்து. அதன் மேல் என் தொப்பி. வலது கைக்குள் ஒரு துடைப்பக்கட்டை. அங்கிருந்து இரண்டு சின்னக் கப்பிகள் வழியாக மெல்லிய எஃகுக் கம்பி, மாஸ்டர் கழிவறையின் காற்றுஜன்னலுக்குள். கம்பியை இழுத்தால் கை மேலே போகும். விட்டால் கீழே வரும். எதிர் எடைக்கு மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த இரும்புக் குண்டு. இன்னொரு கம்பியை விட்டால் முழு உருவமும் சுவருக்குப் பின்னால் சாய்ந்துகொள்ளும், 'வெயில் போதும், கீழே போய்விட்டேன்' என்று அர்த்தம். என் கம்பெனி எனக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருந்தால் எப்போதோ சீஃப் மெக்கானிக் ஆகியிருப்பேன்.

பத்து மணிக்கு வயிறு கூப்பிட்டது. மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிப்போ கூண்டு தெரிந்தது. அவள் வெளியே வந்தாள். மாடியைப் பார்த்தாள். கையாட்டினாள். நான் கம்பியை இழுத்தேன். மாடியில் 'நான்' கையாட்டினேன். அவள் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். மறுபடியும் கையாட்டினாள். நானும் மறுபடியும் இழுத்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நாட்கள் ஜாம் ஜாமென்று போயின. வீட்டு மீட்டர் ரெண்டு, ரெண்டு, ஒன்று, ரெண்டு. மாஸ்டரும் முகம் கோணாமல் கதவைத் திறந்தார். நான் வந்து போகும்போதெல்லாம் கையில் ஒரு நோட்டும் பென்சிலுமாகத்தான் இருந்தார். ரிட்டயர் ஆன மனிதர், ஏதோ சுயசரிதை எழுதுகிறார் போலிருக்கிறது என்று நான் குறுக்கே போகவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. என் மனைவிக்கு என் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்துவிட்டது. என் மேல் என்று எப்படிச் சொல்வது? மாடியில் இருந்தவன் மேல். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நடுவில் வெளியே வந்து சிரிப்பாள். கையாட்டுவாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசுவாள். கல்யாணமான புதிதில் கூட என்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை. நான் கழிவறையில் உட்கார்ந்து, ஒரு கால்பந்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

"இன்னைக்கு மாடியில ரொம்ப லட்சணமா இருந்தீங்க" என்பாள் சாயங்காலம்.

"அப்படியா? இப்ப?"

"இப்ப வழக்கம்போலதான்."

ஒரு நாள் மாஸ்டர் வீட்டில் சற்று நேரம் கூடுதலாக ஆகிவிட்டது. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தால் வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மாடியில் 'நான்' கொஞ்சமும் அசையாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறேன். எதிரே என் மனைவி குடையோடு நின்று கையாட்டுகிறாள். பதற்றத்தில் சாய்க்கிற கம்பியை விடுவதற்குப் பதிலாக மற்ற கம்பியை இழுத்துவிட்டேன். அந்தப் பெருமழையில் 'நான்' உற்சாகமாகக் கையாட்டினேன்.

போச்சு. எல்லாம் போச்சு. சரி, மழையில் உட்கார்ந்திருந்தவன் நனைந்தாவது இருக்க வேண்டாமா? மாஸ்டர் வீட்டு வாளித் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு சொட்டச் சொட்டக் கீழே இறங்கினேன். அவள் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மழையில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மேகத்துக்குப் பின்னாடியும் வெயில் இருக்குமாம்மா. அது வடிகட்டி வருமாம். குடலுக்கு ரொம்ப நல்லதாம்."

"ஓஹோ. மழைத் தண்ணியில சோப்பு வாசனை வருதே?"

"உயரமான கட்டிடங்க எல்லாம் வந்துருச்சுல்ல... யாராவது துவைச்சுக் காயப்போட்டிருப்பாங்க..."

அவள் தலையைத் துவட்டிவிட்டாள். கம்பளியைப் போர்த்தி, ஒரு பாத்திரம் வெந்நீரை முன்னால் வைத்து, ஒரு மணி நேரம் ஆவி பிடிக்க வைத்தாள். நடு மத்தியானத்தில், கம்பளிக்குள் நான் வெந்துகொண்டிருக்க, வெளியே அவள் இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. பாவம், எனக்காக மழையில் நின்று அவளுக்கும் சளி பிடித்துவிட்டதே என்று நான் உள்ளே உருகினேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மா முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வீட்டு ஷீட்டுகளை அடுக்கி மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா முதலில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"வைட்டமின் டி நல்லா ஏறியிருக்கு."

"வெயில் டாக்டர்! எட்டு வாரம், ஒரு நாள் கூட விடல."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "எட்டு வாரம் வெயில்ல உட்கார்ந்தவர் ஏன் காளான் மாதிரி வெளுத்திருக்கீங்க?"

"கேப்ஸ்யூலை ஞாயித்துக்கிழமை தவறாம நான் கொடுத்துட்டு வந்தேன் டாக்டர். அதுல ஏறினதுதான்" என்றாள் என் மனைவி. "வெயில் எல்லாம் இவர் சட்டைக்குத்தான் போச்சு."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. இது வியாதி இல்லை.

டாக்டரம்மா ஷீட்டைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. "ஆறாவது வாரம் மலப் பரிசோதனை எடுத்தோமே, அதுல வீக்கம் இன்னும் நிறைய இருக்கு. ஆனா அந்த வாரம் தினம் ரெண்டே தடவைன்னு போட்டிருக்கு. திடீர்னு ஏழுலேர்ந்து ஒரே நாள்ல ரெண்டு. இது பொருந்தலையே."

"பொருந்தலைன்னா என்ன டாக்டர்?"

"உள்ள விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

ட்யூப்! எதற்குப் பயந்து எட்டு வாரம் ஒரு கால்பந்துக்குத் தொப்பி போட்டுக் கும்பிட்டேனோ, அதே ட்யூப்! மனைவியைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ தெரியாது, என் கையை மேஜைக்கு அடியில் ஒரு தடவை அழுத்திவிட்டு, பைக்குள்ளிருந்து இன்னொரு கட்டுத் தாளை எடுத்தாள்.

"அது கீழ் டிப்போ டாக்டர். இது மேல் டிப்போ. ரெண்டையும் கூட்டிப் பாருங்க."

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள்கள். மாஸ்டரின் விறைப்பான கையெழுத்து. உள்ளே 7.10, வெளியே 7.22. உள்ளே 9.55, வெளியே 10.15, முனகல் இருந்தது. உள்ளே 4.05, வெளியே 4.11, பாட்டுப் பாடினார். எட்டு வாரம். ஒரு ட்ரிப் விடவில்லை. அந்தச் சுயசரிதையின் கதாநாயகன் நான்தான்.

டாக்டரம்மா விரல் விட்டுக் கூட்டினார். முகம் மலர்ந்தது. "அஞ்சாவது வாரம் ஏழு. ஆறாவது வாரம் ஆறு. அப்புறம் அஞ்சு, நாலு... இந்த வாரம் ரெண்டு, மூணு. இதுதான் சரி. டெஸ்ட்டோட அப்படியே ஒத்துப்போகுது. கடைசியா எடுத்த டெஸ்ட்டும் நல்லா இருக்கு. மாத்திரை நல்லா வேலை செய்யுது, அப்படியே தொடருங்க. ட்யூப் இப்ப வேண்டாம்."

என் உயிர் திரும்பி வந்தது. கூடவே டாக்டரம்மாவின் கோபமும் வந்தது. "ஏங்க, அந்த ரெண்டை மட்டும் காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணு, நல்லாயிடுச்சுன்னு நம்பி மருந்தைக் குறைச்சிருப்பேன். இல்ல, சந்தேகப்பட்டு ட்யூப் விட்டிருப்பேன். உங்க சம்சாரத்துக்கு நன்றி சொல்லுங்க. இன்னும் ஒரு மாசம் தரைத்தள வேலை மட்டும் பாருங்க, அப்புறம் குழியில இறங்கலாம்." கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். என்னிடம் இல்லை, அவளிடம்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நல்ல வெயில். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"மாஸ்டர் காட்டிக் கொடுத்துட்டாரா?"

"நான் போய்க் கேட்டேன். நின்ன இடத்துலயே அட்டென்ஷன்ல நின்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டார்."

"தெரிஞ்சதும் என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? எட்டு வாரமா வேடிக்கை பாத்திருக்கியே."

"கேட்டிருந்தா மாஸ்டர் வீட்டை விட்டுட்டு வேற வீட்டுக்குப் போயிருப்பீங்க. நான் எத்தனை வீட்டுக்கு ஷீட் கொடுக்கறது? மாத்திரையை ஒழுங்கா முழுங்குறீங்க, எண்ணிக்கையும் கைக்கு வந்துடுது. பயந்தா பயந்துட்டுப் போறார்னு விட்டுட்டேன்."

"மன்னிச்சுடும்மா."

"சரி சரி, பாத்து நடங்க, பள்ளம் இருக்கு."

பள்ளத்தைத் தாண்டினேன். ஆனால் ஒன்று மட்டும் மனசு ஆறவில்லை. தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"மாடியில இருந்தது நான் இல்லைன்னு எப்பக் கண்டுபிடிச்ச?"

"முதல் நாளே."

"எப்படி? சட்டை என்னுது, தொப்பி என்னுது, உட்கார்ந்த விதம் கூட என்னுதுதான். தூரத்துலேர்ந்து வித்தியாசமே தெரியாதே!"

"தெரியல. அச்சு அசல் நீங்கதான்."

"அப்புறம்?"

"நான் கையாட்டின உடனே அது திரும்பக் கையாட்டுச்சுங்க. இந்த இருபத்தோரு வருஷத்துல நீங்க என்னைக்கு நான் கூப்பிட்ட முதல் தடவையே திரும்பிப் பாத்திருக்கீங்க?"